கூடு முதலில், கோழி கடைசியில்: மொரீசியஸ் வீட்டுத் தோட்டத்தில் முட்டைக்கோழி வளர்க்கத் தொடங்குவோருக்கு

வீட்டில் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் செய்யும் முதல் வேலை, ஒரு சனிக்கிழமை காலையில் நான்கு கோழிகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடுவதுதான். அவற்றை எங்கே அடைப்பது என்ற கேள்வி அன்று மாலைதான் எழும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பழைய கதவுப் பலகையையும் கடையில் கிடைத்த அறுகோணக் கண் கம்பிவலையையும் வைத்து இரண்டு மணி நேரத்தில் ஒரு கூட்டை ஒப்பேற்றி, இரவில் நாயோ எலியோ வந்துவிடப் போகிறதே என்று இரண்டு முறை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, நான் சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போதே, ஒரு கீரி வலைக்கண் வழியாக உள்ளே நுழைந்து இரண்டு கோழிகளின் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுச் சென்றது.

கீரி இந்தத் தீவுக்கு உரிய விலங்கு அன்று. 1899ஆம் ஆண்டில் இங்கே கொள்ளைநோய் பரவியபோது, எலிகளை ஒழிப்பதற்காக 1900இல் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். எலி இரவில் இரை தேடுவது, கீரியோ பகலில் இரை தேடுவது என்பதால் எலிகளின் கணக்கு பெரிதாகக் குறையவில்லை. தரையில் வாழும் பறவைகள்தாம் அதன் விலையைக் கொடுத்தன. தமிழ்நாட்டில் கோழி வளர்த்துப் பழகியவர்கள்கூட இங்கே தடுமாறுவது இந்த இடத்தில்தான். மொரீசியஸில் இரவுக்கு எவ்வளவு பாதுகாப்போ, பகலுக்கும் அவ்வளவு பாதுகாப்பு வேண்டும். ஆகவே கீழே சொல்லும் வேலைகளை இதே வரிசையில் செய்யுங்கள். கோழி வாங்குவது இந்த வரிசையில் மிகவும் பின்னால் வருகிறது.

முதலில் கேட்டு வைக்க வேண்டியவை

நகரப் பகுதியில் இருப்பவர்கள் தங்கள் நகராட்சியிலும், கிராமப் பகுதியில் இருப்பவர்கள் மாவட்ட மன்றத்திலும் வீட்டு வளாகத்தில் கோழி வளர்ப்பதற்கான விதிகளைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். மனை பிரித்து விற்ற குடியிருப்பாக இருந்தால் உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். விலங்கு வளர்ப்பதற்குத் தடை விதிக்கும் நிபந்தனை அதில் எழுதப்பட்டிருக்கலாம். அதன் பிறகு இரு பக்கத்து வீட்டாரிடமும் நேரில் சென்று சொல்லிவிடுங்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை என்பதும், சேவல் வைக்கப் போவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் பாதி மனத்தாங்கல் அப்போதே தீர்ந்துவிடும். குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால் மட்டுமே சேவல் வேண்டும். புதியவர்கள் முதல் ஆண்டில் அந்த ஆசையைத் தள்ளி வைப்பது நல்லது.

இடம்

நான்கு கோழிகள் என்பது ஒரு குடும்பத்துக்குப் போதுமான, தொடங்குவதற்கு ஏற்ற எண்ணிக்கை. கோழி கூட்டமாக வாழும் பறவை என்பதால் ஒன்றை மட்டும் வளர்க்கக் கூடாது. நான்கு கோழிகள் இரவில் தங்குவதற்கு 1.2 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட கூடும், பகலில் உலாவுவதற்கு 4 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுள்ள அடைப்பும் இருந்தால் நெருக்கடி இராது. அடைப்பு இதைவிடச் சிறியதானால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கத் தொடங்கிவிடும்.

மழைநீர் தேங்காத மேட்டு நிலமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களையே நீர் இழுத்துச் சென்றது. ஓடையை ஒட்டிய தாழ்வான மூலையில் கோழிக்கூடு வைப்பது எப்படிப்பட்ட காரியம் என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். தீவின் காற்று பெரும்பாலான நாட்களில் தென்கிழக்கிலிருந்து வீசுவதால், கூட்டின் தென்கிழக்குப் பக்கத்தைப் பலகையால் அடைத்துவிட்டு எதிர்ப்பக்கத்தை வலையாக விட வேண்டும். கூர்பிப், வக்வா போன்ற மேட்டுப் பகுதிகளில் குளிரும் ஈரமும்தான் பெருந்தொல்லை. மேற்குக் கரையிலும் வடக்கிலும் வெயில்தான் பெருந்தொல்லை. கூர்பிப்பில் இருப்பவர் முழு அடைப்புக்கும் கூரை போட்டுவிடுவது நல்லது. கரையோரத்தில் இருப்பவர் ஒரு மாமர நிழலைத் தேடிக்கொள்வது நல்லது. ஆனால் அது அவகாடோ மரமாக இருக்கக் கூடாது. நம் தோட்டங்களில் அந்த மரம் மிகுதி. அதன் இலை, பட்டை, கொட்டை, பழம் ஆகிய அனைத்திலும் உள்ள ஒரு வேதிப்பொருள் பறவைகளின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது.

கூடு

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மற்றவற்றில் பிழை நேர்ந்தால் ஒரு வாரத்தில் திருத்திக்கொள்ளலாம். கூட்டில் பிழை நேர்ந்தால் கோழி மிஞ்சாது.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் தடுப்பதற்கு உரியதேயன்றி, கீரி உள்ளே வராமல் தடுப்பதற்கு உரியது அன்று. 12 மில்லிமீட்டர் சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையை வாங்குங்கள். அதன் விலை கூடுதல்தான் என்றாலும் கீரியும் வளர்ந்த எலியும் அதில் நுழையாது. வலையை ஆணியால் மட்டும் அடிக்காமல், மரச்சட்டத்தின் மேல் பட்டையான ரீப்பர் (மெல்லிய நீளப் பலகை) வைத்து அதன் மேல் திருகாணி முடுக்க வேண்டும். அடிப்பக்கத்தில் வலையை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் புதைக்கலாம். நம் தோட்டங்களில் பல இடங்களில் ஒரு சாண் தோண்டினாலே கருங்கல் வந்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட இடத்தில் வலையை வெளிப்புறமாக 40 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தரையில் படுக்கவைத்து, தோண்டியெடுத்த அந்தக் கற்களையே அதன் மேல் அடுக்கிவிடுங்கள். தோண்டிக்கொண்டு வரும் விலங்கு சுவரின் அடியில்தான் தோண்டும். சற்றுப் பின்னால் நின்று தோண்ட அதற்குத் தெரியாது. பகலடைப்பின் மேற்பகுதியையும் வலையால் மூட வேண்டும். காட்டை ஒட்டிய ஊர்களில் குரங்குகள் முட்டைக்காகச் சுவரேறி வருவதுண்டு.

கூட்டின் தரையைப் பூமியிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் எலி அடியில் வளை தோண்டிக் குடியிருக்காது. மழையிலும் தரை காய்ந்தே இருக்கும். உள்ளே கோழிகள் உறங்குவதற்கு 5 சென்டிமீட்டர் அகலமும் விளிம்பு மழுங்கச் செதுக்கப்பட்டதுமான ஒரு கட்டையைக் குறுக்கே பொருத்துங்கள். ஒரு கோழிக்கு 25 சென்டிமீட்டர் நீளம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். முட்டையிடும் பெட்டி நான்கு கோழிகளுக்கு ஒன்று போதும், இரண்டு இருந்தால் சண்டையில்லை. 30 சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட எந்தப் பெட்டியும் சரிதான், ஆனால் அது உறங்கும் கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். கோழி எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் உறங்கும். பெட்டி உயரத்தில் இருந்தால் அதில் உறங்கி, இரவெல்லாம் எச்சமிட்டு, காலையில் அதன் மேலேயே முட்டையும் இடும்.

தகரக் கூரை நண்பகலில் கூட்டை அடுப்பாக்கிவிடும். மேலே வெள்ளை வண்ணம் பூசி, கூரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு கை அகல இடைவெளி விட்டு, அதையும் 12 மில்லிமீட்டர் வலையால் அடைத்துவிட்டால் சூடான காற்றும் எச்சத்தின் காரநெடியும் மேலே வெளியேறிவிடும். தரையில் பரப்புவதற்கு மரத்தூளோ, நன்கு காய்ந்த கரும்புச் சோகையோ ஏற்றவை. கரும்புச் சக்கையும் நல்லதே, ஆனால் அது சற்று நனைந்தாலும் பூஞ்சணம் பிடித்துக் கோழியின் மூச்சுக்குழலைக் கெடுக்கும். புளித்த வாடை வந்த சக்கையை அன்றே அள்ளி எருக்குழியில் போட்டுவிடுங்கள்.

அடைப்பின் ஒரு மூலையில், மழை படாத இடத்தில், பழைய லாரி டயர் ஒன்றைக் கிடத்தி அதில் காய்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்து நிரப்புங்கள். கோழி அதில் புரண்டுதான் தன் மேலுள்ள செல் என்னும் நுண்ணிய உண்ணியையும் பேனையும் போக்கிக்கொள்ளும். இதற்காகக் கடற்கரை மணலை அள்ளிவர எண்ண வேண்டாம். இங்கே அது சட்டப்படி குற்றம்.

கோழி வாங்குதல்

கூடு முடிந்து, ஒரு மழைக்குப் பிறகும் உள்ளே காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்ட பின்பே கோழி வாங்கப் போக வேண்டும். ஒருநாள் குஞ்சை வாங்கினால் வெப்பவிளக்கு, மருந்து, ஐந்து மாதக் காத்திருப்பு எல்லாம் வேண்டும். 16 முதல் 18 வார வயதுள்ள பெட்டைகளே புதியவர்களுக்கு ஏற்றவை. ஓரிரு வாரங்களிலிருந்து ஒரு மாதத்துக்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். பண்ணைகளில் கிடைக்கும் பழுப்புநிறக் கலப்பினக் கோழி முதல் ஆண்டில் 280 முட்டைக்கு மேல் இடக்கூடியது. கிராமங்களில் திரியும் நாட்டுக்கோழி அதில் பாதிகூட இடாது, அடிக்கடி அடையில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வெயிலையும் நோயையும் தாங்கும், தானே இரை தேடும். கழுத்தில் இறகில்லாத வகை கிடைத்தால் கரையோரத்தில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், ஏனெனில் அதன் உடற்சூடு எளிதில் தணியும். நான் இரண்டு கலப்பினமும் இரண்டு நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறேன்; சுறுசுறுப்பையும் முட்டையையும் ஒரே இனத்தில் எதிர்பார்ப்பதைவிட இது மேல் என்பது என் கருத்து.

வாங்கும்போது கண் தெளிவாக இருக்கிறதா, மூக்குத்துளையில் நீர் வடிகிறதா, காலின் செதில்கள் வழவழப்பாகப் படிந்திருக்கின்றனவா, பின்பக்கத்து இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைக்கழிச்சல் (நியூகாசில்) நோய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா, எந்த நாளில் போட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வாங்குவது சிறந்தது. பூமியின் தென்பாதியில் இருக்கும் நமக்கு அப்போது பகல் நீண்டுகொண்டே வருகிறது. புயல் மாதங்கள் வருவதற்குள் கோழிகளும் இடத்துக்குப் பழகிவிடும்.

மாலையில் கொண்டுவந்து நேராகக் கூட்டுக்குள் விட்டுவிட்டு, மூன்று நாட்கள் பகலிலும் கூட்டிலேயே அடைத்து வையுங்கள். இதுதான் தன் இடம் என்று அதற்குப் பதிந்துவிட்டால், பிறகு அந்தி சாயும் வேளையில் யாரும் விரட்டாமல் தானாகவே வந்து கட்டையில் ஏறிக்கொள்ளும். கதவைத் தாழிடுவது மட்டுமே உங்கள் வேலை.

தீனியும் நீரும்

ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் தீனி தின்னும். நான்கு கோழிக்கு 25 கிலோ மூட்டை ஒன்று 50 நாள் வரும். நம் ஈரக்காற்றில் மூட்டையைப் பிரித்த பிறகு அவ்வளவு நாள் வைத்திருப்பது சரியல்ல என்பதால், நானும் எதிர்வீட்டு அக்காவும் ஒரு மூட்டையைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். மூடியுள்ள தகரப் பீப்பாயில் வைத்தால் எலி அண்டாது. முட்டையிடும் கோழிக்கென்றே விற்கும் தீனியில் 16 முதல் 17 விழுக்காடு புரதமும் 3.5 விழுக்காட்டுக்கு மேல் சுண்ணாம்புச்சத்தும் இருக்கும். இறைச்சிக்கோழித் தீனியில் இவ்வளவு சுண்ணாம்பு இராது. ஒரு முட்டையோட்டில் மட்டும் இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது, கோழி அதைத் தினமும் எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். தீனியில் இல்லையென்றால் தன் எலும்பிலிருந்து எடுக்கும். சமையலில் மிஞ்சும் முட்டையோடுகளை வாணலியில் வறுத்துப் பொடித்துத் தனிக்கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், வேண்டியது வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

கீரையில் முருங்கைக்கு இணையில்லை. கிரியோல் பேசும் அண்டைவீட்டாரும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு 'மூரூம்' என்று சொல்லும் அந்த இலையை ஒரு கொத்தாகக் கட்டி, கோழி எம்பிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். பத்து நாளில் மஞ்சள்கருவின் நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். சேம்பு இலையையும் மரவள்ளி இலையையும் பச்சையாகப் போடக் கூடாது. மிஞ்சிய சோறு, பூசணி விதை, பப்பாளித் தோல் எல்லாம் பிற்பகலில் ஒரு கைப்பிடி தரலாம். காரம் கோழிக்கு உறைக்காது. பறவைகளுக்கு மிளகாயின் எரிச்சல் தெரிவதேயில்லை. ஆனாலும் மிஞ்சிய 'கத்தோ பிமா' என்னும் மிளகாய் வடையையும் அச்சார் ஊறுகாயையும் போடாதீர்கள், கெடுதல் எண்ணெயிலும் உப்பிலும் இருக்கிறது.

ஒரு கோழி நாளுக்குக் கால் லிட்டர் நீர் குடிக்கும், வெயில் காலத்தில் அதைப்போல இரு மடங்கு. நவம்பர் வாக்கில் குழாய்நீர் முறைவைத்து வரும் ஊர்களில் கோழிக்கென்று ஒரு வாளியைத் தனியே பிடித்து வைத்துவிடுங்கள். ஒரு பிற்பகல் முழுவதும் நீரில்லாமல் இருந்த கோழி பல நாட்களுக்கு முட்டையை நிறுத்திவிடக்கூடும்.

முட்டை

ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குச் சற்று அதிகமான நேரம் ஆகும்; அதில் 20 மணி நேரம் ஓடு படிவதற்கே செல்கிறது. அதனால்தான் முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய், ஒருநாள் முட்டையே இல்லாமலும் போகிறது. இதை நோய் என்று எண்ணிப் பதற வேண்டாம். முட்டை இடுவது பகலின் நீளத்தையும் சார்ந்தது. இங்கே டிசம்பரில் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜூனில் 11 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே மே முதல் ஜூலை வரை முட்டை குறைவதும், அதையொட்டிப் பழைய கோழிகள் இறகுதிர்ப்பதும் இயல்பு.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் தைப்பூசக் காவடி விரத நாட்களில் வரும். பத்து நாள் வீட்டில் முட்டை சமைப்பதில்லை. கோழிக்கு விரதம் இல்லை. அதுவும் அந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பகல் இன்னும் நீண்டே இருக்கும், நான்கு கோழிகளிடமிருந்து முப்பது முட்டை சேர்ந்துவிடும். புரட்டாசியிலும் இதே கதைதான். முட்டையைக் கழுவாமல், காய்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழிருக்கும்படி அடுக்கிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போய்விடும், சீக்கிரம் கெடும். ஐயமிருந்தால் நீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடப்பது புதியது, நிமிர்ந்து நிற்பது பழையது, மிதப்பது எருக்குழிக்கு. நாங்கள் அந்தப் பத்து நாள் முட்டையை விரதமில்லாத அண்டைவீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். பின்னர் கோழி எச்சத்தின் வாடை பற்றி யாரும் வாயெடுப்பதில்லை.

புயல் மாதங்கள்

நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல்காலம். 1 முதல் 4 வரையிலான எச்சரிக்கைகளில் முதலாவது வந்தவுடன் கோழிக்கான வேலையை முடித்துவிட வேண்டும்; மூன்றாவது வந்த பிறகு தோட்டத்தில் நிற்பது உங்களுக்கே ஆபத்து. கூரைத் தகரத்தைத் திருகாணியால் முடுக்கி, அதன் மேல் இரண்டு தடித்த கம்பிகளைக் குறுக்கே இழுத்துத் தரையில் அறைந்த முளைகளில் கட்டியிருக்க வேண்டும். புயலின் கண் கடந்துபோனால் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி அடிக்கும், எனவே ஒரு பக்கத்தை மட்டும் கட்டுவது பயனற்றது. இத்தனை செய்தாலும் கோழிகளைக் கூட்டில் விட்டுவைக்காதீர்கள். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டிகளில் எடுத்துவந்து கார் நிறுத்துமிடத்திலோ குளியலறையிலோ அடைத்து வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். சென்ற ஒரு புயலில் எங்கள் குளியலறையில் இரண்டு இரவு தங்கிய கோழிகளில் ஒன்று, குளிக்கும் செம்பு வைத்த பலகையில் ஏறி நின்று, காலையில் சரியாக அந்தச் செம்புக்குள்ளேயே முட்டையிட்டிருந்தது.

நோய்

இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் கோழியை முதலில் தனியாகப் பிரித்து வைத்துவிட்டுப் பிறகு காரணத்தைத் தேடுங்கள். கோடையில் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கருநிறக் கொப்புளம் வந்தால் அது பெரும்பாலும் அம்மை. கொசுவால் பரவுவது என்பதால் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். கால் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு படிந்ததுபோல் இருந்தால் அது செதிலுண்ணி; பத்து நாள் தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். இரவில் டார்ச்சுடன் சென்று உறங்கும் கட்டையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்; செந்நிறக் கறை படிந்தால் செஞ்செல் (இரவில் கோழியின் இரத்தம் குடிக்கும் நுண்ணிய உண்ணி) இருக்கிறது, அடுத்த பகலிலேயே கூட்டைக் காலி செய்து கொதிநீர் ஊற்ற வேண்டும். பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், அடுத்தடுத்து சாவு என்று ஏதேனும் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் அரசின் கால்நடை மருத்துவப் பிரிவுக்கு உடனே தெரிவியுங்கள். செத்த கோழியை ஓடையில் எறியாதீர்கள். மருந்து கொடுத்த நாட்களில் முட்டையை எத்தனை நாள் உண்ணக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டு, சுவர்க் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

இரண்டாம் ஆண்டு

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு முட்டை குறையும். பழையதை என்ன செய்வது என்பது அவரவர் வீட்டு வழக்கம். நான் இரண்டு கிழக்கோழிகளைத் தோட்டத்துப் பூச்சி பொறுக்குவதற்கென்றே வைத்திருக்கிறேன். புதிய பெட்டைகளைக் கொண்டுவரும்போது பழையவற்றோடு நேராகச் சேர்க்காமல், அடைப்பின் நடுவே வலையால் ஒரு தடுப்பு வைத்து இரண்டு வாரம் பார்த்துப் பழக விட்டுவிட்டு, ஒருநாள் இரவு, எல்லாம் கட்டையில் உறங்கும் நேரத்தில், புதியவற்றைத் தூக்கிக் கடைசியில் உட்காரவைத்து விடுங்கள். மறுநாள் காலை இரண்டு தீனித் தட்டுகளை எதிரெதிர் மூலையில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருங்கள். இரத்தம் வரும் அளவுக்குக் கொத்தினால் மட்டும் பிரித்து விடலாம்.